மன்றம் இல்லாத ஆண்டுகள்

நுழையும்முன்

குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை அகற்றம் ஆகியவற்றின் வழியாகவே மக்கள் நாள்தோறும் அரசைச் சந்திக்கின்றனர். இவற்றைக் கவனிக்கும் மன்றத்திற்குத் தேர்தலே நடைபெறாவிட்டால் அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது? அதனை விளக்குகிறது இப்பாடம்.

மாநகராட்சி உண்டு, மாமன்றம் இல்லை

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் பட்டாபிராம். இது ஆவடி நகராட்சிக்கு உட்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு ஆவடி மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆயினும், அப்போது அங்கு மேயரும் இல்லை. மாமன்ற உறுப்பினர்களும் இல்லை. தமிழகத்து உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. அதன்பின் தனி அலுவலர்களே அவற்றை நிருவகித்தனர். நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடைபெற்றது. ஒரு மன்றத்தின் முழுப் பதவிக்காலத்தை விட நீண்டது அவ்விடைவெளி.

சட்டம் வகுத்த எல்லை

1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதியை வழங்கியது. மன்றத்தின் ஆயுள், முதல் கூட்டம் தொடங்கி ஐந்தாண்டுகள்; அதற்கு மேல் நீளாது என்கிறது பிரிவு 243-யு. அக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்தைச் சார்ந்தது.

இருவேறு நியாயங்கள்

2016 அக்டோபரில் நடைபெறவிருந்த தேர்தலுக்கான அறிவிப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கின் முதன்மையான முறையீடு. அவ்வாண்டு இறுதிக்குள் தேர்தலை நடத்துமாறும் நீதிமன்றம் பணித்தது. ஆனால், தேர்தல் நடைபெறவில்லை. பின்னர் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு எனக் காலம் நீண்டது.

இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. பிழையான வார்டுப் பிரிப்பிலும் இடஒதுக்கீட்டிலும் தேர்தல் நடந்தால் விளிம்புநிலை மக்களின் சமவாய்ப்பு குலையும் என்பது ஒன்று. சீர்திருத்தத்தைக் காரணமாக்கித் தேர்தலைத் தள்ளிவைத்தால் அனைவரின் வாக்குரிமையும் முடங்கும் என்பது மற்றொன்று.

2006ஆம் ஆண்டு, அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. ஐந்தாண்டு எல்லை கட்டாயமானது. இயற்கைப் பேரிடர் போன்ற அரிய சூழல்களே விலக்குக்கு உரியவை என்றது. தேர்தல் ஆணையம் கோரும் உதவியை மாநில அரசு வழங்காவிடில், ஆணையம் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் கூறியது. 2019 டிசம்பரில் தமிழக ஊரக உள்ளாட்சி வழக்கிலோ அந்நீதிமன்றம் நடுவழியை மேற்கொண்டது. மாவட்டப் பிரிப்பால் பாதிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மறுவரையறைக்குக் காலம் தந்து, ஏனையவற்றில் தேர்தல் நடத்த இசைந்தது. 2022ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்தின் சுரேஷ் மகாஜன் வழக்கில், மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலை நிறுத்தக் காரணமாகாது எனத் தெளிவுபடுத்தியது.

தீராத வினா

தேர்தல் நடந்தாலும் மன்றத்தின் அதிகாரம் எவ்வளவு என்னும் விவாதம் தொடர்கிறது. பன்னிரண்டாம் அட்டவணை 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. ஆனால், அவற்றை மாநிலச் சட்டமன்றம் 'வழங்கலாம்' என்றே பிரிவு 243-டபிள்யூ கூறுகிறது. 'வழங்க வேண்டும்' என்னும் கட்டாயம் அதில் இல்லை. எனவே, நகராட்சிகளைத் தன்னாட்சி அமைப்புகள் எனக் கொள்வதா, மாநில அரசின் கிளைகள் எனக் கொள்வதா என்பதில் சட்ட அறிஞர் வேறுபடுகின்றனர்.

ஆவடி மாநகராட்சியில் இன்று 48 வார்டுகள் உள்ளன. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது பிரிவு 243-எஸ். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே ஆவடி அவ்வெண்ணிக்கையைக் கடந்துவிட்டது. பட்டாபிராமில் வடிகால் அடைத்துக்கொண்டால் குடிமக்கள் யாரிடம் கேட்பது, கேட்கப்பட்டவருக்கு அதைச் சரிசெய்யும் அதிகாரமும் நிதியும் உண்டா என்னும் இரு வினாக்களில்தான் 74ஆவது திருத்தத்தின் பயன் அளக்கப்படும்.