டெலிமார்க் சறுக்குப் பலகையும் காலணிப் பிணைப்பியும்



பனிமலைகளில் இழுவைக் கம்பிகளின் உதவியோடு உச்சிக்குச் சென்று சறுக்கி இறங்குவோர் பலர். சொந்தக் காலாலேயே ஏறி, ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளில் இறங்குவோரும் உண்டு. இவர்களுள் சிலர் விரும்பும் முறைக்கு டெலிமார்க் என்று பெயர். நார்வே நாட்டின் டெலிமார்க் வட்டாரத்தில், மோர்கெடால் என்னும் ஊரில் பிறந்த சோன்ட்ரே நூர்ஹெய்ம் (1825–1897) இதனைப் புகழ்பெறச் செய்தார்.

இம்முறையில் காலணியின் முன்பகுதி மட்டுமே பலகையோடு பிணைக்கப்படுகிறது. குதிகால் தாராளமாக மேலெழும். ஆகவே ஏறும்போது நடப்பதுபோல் அடியெடுத்து வைக்கலாம். இறங்கும்போது ஒரு காலை முன்னே செலுத்தி, பின்காலின் முழங்காலை மடக்கித் திரும்புவர். காலணியைப் பலகையோடு இணைக்கும் கருவியே பிணைப்பி.

பிணைப்பிகளில் பழையது மூன்று முளை கொண்ட வகை. 1927ஆம் ஆண்டு நார்வேயைச் சேர்ந்த பிரோர் வித் உருவாக்கிய பிணைப்பிக்கு 'ரொட்டெஃபெல்லா', அதாவது எலிப்பொறி, என்று பெயர். இவ்வகையில், காலணியின் நுனியில் 75 மில்லிமீட்டர் அகலத்தில் நீண்டிருக்கும் பகுதியின் துளைகளில் முளைகள் பொருந்தும். இது எளியது, எடை குறைந்தது. குதிகாலைச் சுற்றி வரும் கம்பியும் சுருள்வில்லும் சேர்ந்த வகை, இறக்கத்தில் பலகையை நன்கு அடக்கும். ஆனால் ஏற்றத்தில் வில்லின் இழுப்பு காலைக் களைக்கச் செய்யும். அதனால் ஏறும்போது முன்பகுதி தடையின்றிச் சுழலும் அமைப்புள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2007இல் வந்த என்.டி.என். என்னும் புதிய வகை, காலணியை நடுப்பாதத்தின் அடியில் பற்றுகிறது. 75 மில்லிமீட்டர் காலணி இதற்குப் பொருந்தாது. ஆகவே காலணியையும் பிணைப்பியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இங்கே உயிரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. மரபான டெலிமார்க் பிணைப்பிகள் பெரும்பாலும் விழும்போது தாமாகக் கழன்று கொள்வதில்லை. முழங்கால் முறுக்கிக் கொள்ளலாம். பனிச்சரிவில் சிக்கினால் பலகை நங்கூரம்போல் ஆளைக் கீழே இழுக்கும். பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களுக்குச் செல்வோர், கழன்று கொள்ளும் வசதியுள்ள பிணைப்பியைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, பொருத்தும் முறையைக் காண்போம். முதலில் பலகையின் நீளவாட்டில் நடுக்கோடு இடுவோம். காலணியின் நடுப்புள்ளியைப் பலகையில் உள்ள குறியோடு நேராக்கி, பிணைப்பியோடு வரும் காகித மாதிரியை ஒட்டுவோம். காலணியை வைத்து மீண்டும் ஒருமுறை சரிபார்ப்போம். தவறான துளையை அடைக்கலாம், ஆனால் பலகையின் வலு குறையும். துளைக்கும் அலகின் அளவு பெரும்பாலும் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உலோகத் தகடு உள்ள பலகைக்குப் பொதுவாக 4.1 மில்லிமீட்டர். ஆழம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அலகில் ஆழத் தடை மாட்டிக் கொண்டால் அடிப்பாகம் துளைபடாது. துளையில் நீர்புகாப் பசை இட்டு, திருகாணிகளைக் கையால் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பசை இல்லாவிடில் உருகிய பனிநீர் உள்ளே புகுந்து மரத்தை அழுகச் செய்யும். திருகாணியும் பிடி தளரும்.

ஊரிலிருந்து பல மைல் தொலைவில் பிணைப்பி பெயர்ந்தால், இடுப்பளவு பனியில் நடந்துதான் திரும்ப வேண்டும். எனவே பயணப் பையில் திருப்புளி, உதிரித் திருகாணிகள், கம்பி ஆகியவற்றை வைத்துக் கொள்வதும் பொருத்தும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.