படைத்தளபதிகள் பிரித்த மாநிலங்கள்

நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் ஒலொய்பிரி என்றொரு ஊர். நைஜீரியாவில் வணிகத்துக்குப் போதுமான எண்ணெய் முதன்முதலில் கிடைத்தது அங்கேதான், 1956இல். அப்போது அது கிழக்குப் பிராந்தியத்தில் இருந்தது, தலைநகர் எனுகு. 1967இல் ரிவர்ஸ் மாநிலம். தலைநகர் போர்ட் ஹார்கோர்ட். 1996இலிருந்து பயெல்சா; தலைநகர் யெனகோவா. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வாழ்நாளிலேயே மூன்று தலைநகரங்களுக்கு மனு எழுதியிருக்கக்கூடும். எந்த மாற்றத்துக்கும் அவரிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

1960இல் சுதந்திரம் வந்தபோது நைஜீரியாவில் மூன்றே பிராந்தியங்கள். வடக்கில் ஹௌசா-ஃபுலானி, மேற்கில் யொரூபா, கிழக்கில் இக்போ. வடக்கு மட்டுமே நாட்டின் நிலப்பரப்பில் முக்கால்வாசி. இந்த மூன்று பெரிய இனங்களுக்கு நடுவே இருநூறுக்கும் மேற்பட்ட சிறிய இனங்கள் அச்சத்தோடு வாழ்ந்தன. 1957இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த வில்லிங்க் ஆணையம் அந்த அச்சம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் தனி மாநிலம் தர மறுத்துவிட்டது. பின்னால் சிந்திய ரத்தத்தை நினைத்தால், அந்த மறுப்பு பெரும் பிழை என்றே எனக்குப் படுகிறது.

1963 ஜூலையில் ஒரே ஒரு முறை மக்களிடம் கேட்டார்கள். வாக்கெடுப்பில் பெருவாரியான ஆதரவு பெற்று, மேற்கிலிருந்து பிரிந்து மத்திய-மேற்குப் பிராந்தியம் உருவானது. அதிலும் அரசியல் இருந்தது. மேற்கின் தலைவர் அவலோவோ அப்போது தேசத்துரோக வழக்கில் சிக்கியிருந்தார். வடக்கையும் கிழக்கையும் ஆண்ட கட்சிகள் எதிராளியின் வீட்டைப் பிரிக்க ஆர்வமாகக் கைதூக்கின. தங்கள் வீட்டைத் தொட விடவில்லை.

1966இல் இரண்டு ராணுவப் புரட்சிகள். வடக்கில் இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் கூட்டங்கூட்டமாகக் கிழக்குக்கு ஓடினார்கள். கிழக்கின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு பிரிந்துபோகத் தயாரானார். 1967 மே 27 அன்று ஆட்சித் தலைவர் யாகுபு கோவன் ஓர் ஆணையால் நாட்டை 12 மாநிலங்களாக்கினார். கிழக்கு மூன்றாயிற்று. இக்போ மக்களுக்குக் கிடைத்த பகுதிக்குக் கடற்கரை இல்லை. எண்ணெயின் பெரும்பங்கும் துறைமுகமும் சிறுபான்மை இனங்களின் மாநிலங்களுக்குப் போயின. அந்த இனங்கள் நெடுங்காலம் கேட்ட நீதியும், ஒஜுக்வுவின் காலடியை வெட்டும் போர்த்தந்திரமும் ஒரே ஆணையில் கலந்திருந்தன. மூன்றே நாளில் கிழக்கு, பயாஃப்ரா என்ற தனிநாடாக அறிவிக்கப்பட்டது. 1970 ஜனவரி வரை நீடித்த போரில் பசியாலேயே பல லட்சம் பேர் மாண்டார்கள். அதில் குழந்தைகளே அதிகம்.

அதன்பின் ஒவ்வொரு தளபதியும் கோடு கிழித்தார். 1976 பிப்ரவரி 3 அன்று முர்தலா முகமது 19 ஆக்கினார். பத்தே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார். பாபாங்கிடா 1987இல் 21, 1991இல் 30. அபாச்சா 1996இல் 36. வாக்கெடுப்பில் பிறந்த அந்த மத்திய-மேற்கும் 1991இல் எடோ, டெல்டா என்று இரண்டாக உடைக்கப்பட்டது.

மாநிலங்கள் பெருகின, அவற்றின் கை சுருங்கியது. சுதந்திரத்தின்போது கனிம வருவாயில் 50 சதவீதம் அது கிடைத்த பிராந்தியத்துக்கே உரியது. ராணுவ ஆட்சிகளில் அந்தப் பங்கு தேய்ந்துபோயிற்று. 1999 அரசியல் சட்டம் குறைந்தது 13 சதவீதம் என்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் மாதந்தோறும் தலைநகர் அபுஜாவிலிருந்து வரும் பங்கை நம்பியே சம்பளம் போடுகின்றன. சிறியதாகப் பிரிந்த மாநிலத்துக்கு மத்திய அரசை எதிர்த்துப் பேசும் பலம் இல்லை. தளபதிகளுக்கு அது வசதியாக இருந்தது.

இன்று புதிய மாநிலம் வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் பிரதிநிதிகள், பகுதி மக்களின் வாக்கெடுப்பு, நாட்டின் மாநிலங்களில் பெரும்பான்மை, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு என எல்லாம் கூடிவர வேண்டும். கோரிக்கைகள் வந்தபடியே இருக்கின்றன. 1999இல் மக்களாட்சி திரும்பிய பிறகு ஒரு மாநிலம்கூடப் பிறக்கவில்லை.

அடுத்த வாரம் எத்தியோப்பியாவுக்குப் போவோம். அங்கே சிடாமா மக்கள் 2019இல் வாக்களித்தே தங்கள் மாநிலத்தைப் பெற்றார்கள்.

(தொடரும்)