மேல் வீட்டு மிருதங்கம்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். திண்டிவனத்தில் இருக்கிறேன். என் பேரன் விழுப்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் இருக்கிறான். ஏழாம் வகுப்பு படிக்கிறான், மிருதங்கமும் கற்கிறான்.

ஒருமுறை ரயிலேறி அவனைப் பார்க்கப் போனேன். மிருதங்கம் உறைக்குள் கிடந்தது.

"ஏண்டா, வாசிக்கலையா?"

"கீழ் வீட்டு அத்தை திட்டறாங்க தாத்தா. இனிமே கிளாசுக்கே போகப் போறதில்லை" என்றான். கண் கலங்கிவிட்டது.

கீழே போய் விசாரித்தேன். அந்த அம்மா நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, காலையில் வந்து படுப்பவர். "பையன் நல்லாத்தான் வாசிக்கிறான் ஐயா. ஆனா ஒவ்வொரு அடியும் என் தலைமேலயே விழுது" என்றார். யார் மேலும் தப்பில்லை. என்ன செய்வது?

சத்தம் போகும் வழி

சத்தம் இரண்டு வழியில் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒன்று காற்று வழி. ஜன்னல், கதவிடுக்கு போதும். மற்றொன்று தரை, சுவர் வழி. தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது மிருதங்கத்தின் அதிர்வு தரைக்குள் இறங்கும். நம் தரைதானே கீழ் வீட்டுக்குக் கூரை! இடப்பக்கத் தொப்பியின் 'கும்' ஒலி, வலந்தலையின் கணீர் ஒலியைவிட எளிதாகச் சுவரைக் கடக்கும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். செல்போனை 'வைப்ரேட்'டில் போட்டு மேஜை மேல் வையுங்கள். மேஜையில் காதை வைத்துக் கேளுங்கள். பிறகு நாலாக மடித்த துண்டின் மேல் போனை வைத்துக் கேளுங்கள். வித்தியாசம் தெரியும்.

நாங்கள் செய்தது

* அந்த அம்மாவின் படுக்கை அறைக்கு நேர் மேலே வாசித்து வந்தான். சமையலறைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம்.
* தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய பஞ்சு மெத்தை, அதன்மேல் ஜமுக்காளம்.
* ஜன்னலைச் சாத்தி, கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்தோம்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டலாம் என்றான் பேரன். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம். சத்தம் வெளியே போகாமல் தடுக்கக் கனமான பொருள் வேண்டும், அட்டை லேசானது.

பிறகு நான் தட்ட, பேரன் கீழே போய்க் கேட்டான். "கேக்குது தாத்தா. ஆனா இடிக்கலை!"

மிச்சத்துக்கு நேரம்தான் வழி. அந்த அம்மா எழுந்த பிறகு, மாலை 5 முதல் 6 வரை வாசிப்பு. மற்ற நேரத்தில் சொற்கட்டை மெல்ல வாயால் சொல்லி, தொடையில் தட்டிப் பழகுகிறான். வயலின் என்றால் குதிரையில் 'மியூட்' மாட்டலாம். கீபோர்டு என்றால் ஹெட்போன் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. ஆனால், பகலில் தூங்கும் நர்ஸின் 'இரவு' எந்த விதியிலும் இல்லை. அதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த முறை நான் போனபோது, அந்த அம்மா படியில் நிறுத்திக் கேட்டார்: "ரெண்டு நாளா சத்தமே காணோமே, பையனுக்கு உடம்பு சரியில்லையா?"

பள்ளியில் தேர்வு, அவ்வளவுதான்!