டயர் காத்து இலவசம். குறைஞ்சா நஷ்டம் யாருக்கு?

அத்திப்பட்டு புதுநகர்ல இருந்து மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளின்னு தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல கார் ஓட்டிட்டு வேலைக்குப் போறவரா நீங்க? சர்வீஸ், இன்சூரன்ஸ் செலவெல்லாம் கணக்கு வெச்சிருப்பீங்க. டயர் காத்தைக் கணக்குல சேர்த்திருக்கீங்களா?

முதல்ல கணக்கு

மாசம் 1,000 கி.மீ. ஓட்டுறீங்க, பெட்ரோல் செலவு 6,500 ரூபாய்னு வைப்போம். நாலு டயர்லயும் 1 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2% குறையும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. அப்போ 5 பிஎஸ்ஐ குறைஞ்சா 1%. மாசம் 65 ரூபாய், வருஷம் 780. "இவ்ளோதானா?"ன்னு தோணும். சரிதான், பெரிய ஓட்டை பெட்ரோல்ல இல்லை.

டயரைப் பாருங்க. நாலு டயர் 20,000 ரூபாய், 40,000 கி.மீ. ஓடினா கி.மீ.க்கு 50 பைசா. காத்து குறைவால ஓரம் தேஞ்சு 30,000-லயே மாத்த வேண்டி வந்தா 67 பைசா. வருஷத்துக்கு 2,000 ரூபாய் கூடுதல். இது உதாரணக் கணக்குதான். உங்க டயர் விலையைப் போட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ் தருமா?

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தேய்மானத்துக்கு க்ளெய்ம் கிடையாது. டயர் மட்டும் வெடிச்சாலும் கிடையாது. விபத்துல வண்டியும் சேர்ந்து சேதமானாதான் வரும். அதுவும் புது டயர் விலையில 50% வரைக்கும்தான். காத்து குறைஞ்ச டயர் வேகத்துல சூடாகி வெடிச்சா, போறது பணம் மட்டும் இல்லை.

சரியான அளவு எங்கே?

டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும். முன் டயர், பின் டயர், ஃபுல் லோடுன்னு தனித்தனியா போட்டிருக்கும். குடும்பத்தோட அஞ்சு பேர், டிக்கி நிறைய லக்கேஜ்னு திருப்பதி கிளம்பினா ஃபுல் லோடு அளவுதான். டயர் பக்கவாட்டுல அச்சிட்டிருக்கறது அதிகபட்ச அளவு, அதை வெக்காதீங்க.

எப்படிச் செக் பண்றது?

1. சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்குங்க.
2. வண்டி 3 மணி நேரமாவது நின்ன பிறகு பாருங்க. காலையில ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் முன்னாடி பெஸ்ட்.
3. ஸ்டிக்கர்ல 33, கேஜ்ல 29-ன்னா 4 குறைவு. பங்க் போறதுக்குள்ள டயர் சூடாகி 31 காட்டலாம். அப்பவும் அந்த 4-ஐச் சேர்த்து 35 வைங்க. ஆறினதும் 33-க்கு வந்துடும்.
4. சூடான டயர்ல அளவு கூடத் தெரியுதேன்னு காத்தை இறக்காதீங்க.
5. ஸ்டெப்னியையும் பாருங்க.

பங்க்ல காத்து இலவசமா தரணும்ங்கறது விதி. நைட்ரஜன் கட்டாயம் இல்லை; சாதாரணக் காத்துலயே 78% நைட்ரஜன்தான்.

சம்பளம் கிரெடிட் ஆகற அன்னைக்கு மொபைல்ல ஒரு ரிமைண்டர் போட்டுடுங்க: "எஸ்ஐபி போச்சா? டயர் பார்த்தாச்சா?" அஞ்சு நிமிஷ வேலைதான். அடுத்த வீடியோவில சந்திப்போம்!