காற்றுக் குழாய் (கழிவுநீர்)

காற்றுக் குழாய் என்பது குளியலறை, கழிவறை ஆகியவற்றின் கழிவுநீர்க் குழாய்களை வெளிக்காற்றுடன் இணைத்து, கூரைக்கு மேல் திறந்திருக்கும் குழாய் ஆகும். பேச்சு வழக்கில் இது வென்ட் பைப் எனப்படுகின்றது.

செயற்பாடு

கைகழுவும் தொட்டி, தரை வடிகால் முதலியவற்றின் கீழ் 'டிராப்' எனப்படும் வளைந்த குழாய்ப் பகுதி உண்டு. இதில் ஏறத்தாழ 50 மி.மீ. ஆழத்துக்குத் தேங்கி நிற்கும் நீர், சாக்கடை வளிமங்கள் அறைக்குள் புகாமல் தடுக்கின்றது. இது நீரடைப்பு எனப்படும்.

நிலைக்குத்துக் குழாயில் பெருமளவு நீர் விரைந்து இறங்கும்போது, அதன் பின்னே காற்றழுத்தம் குறைகின்றது. அதனால் நீரடைப்பு உறிஞ்சப்பட்டு வெறுமையாகிவிடக்கூடும். காற்றுக் குழாய் வெளிக்காற்றை உள்ளே விட்டு அழுத்தத்தைச் சமப்படுத்துகின்றது.

திட்டமிடல்

காற்றுக் குழாயை டிராப்புக்கு அருகில் இணைத்தல் நன்று. கிடைக்குழாய்களுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 2 செ.மீ. சரிவு தேவை. பயன்படுத்தாத வடிகாலில் நீரடைப்பு ஆவியாகி வற்றிவிடும். இதைக் காற்றுக் குழாயால் தடுக்க முடியாது. எனவே அவ்வப்போது நீர் ஊற்றவேண்டும்.

நலவாழ்வு

2003 இல் ஆங்காங்கின் அமோய் கார்டன்சு அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோருக்குச் சார்சு நோய் தொற்றியது. 42 பேர் இறந்தனர். நீரடைப்பு வற்றிய தரை வடிகால்கள் வழியே கிருமிகொண்ட நுண்துளிகள் குளியலறைகளுக்குள் வந்தது முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.