எல்லாக் கப்பலும் ரஜுலா இல்லை

சிரம்பான் லோபாக்கில் பழைய தோட்டக் குடும்பத்தார் யாரிடமாவது "தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். "ரஜுலா" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே பதில்தான். ஆனால், தாத்தா பால்மரம் வெட்ட வந்தது முதல் உலகப் போருக்கு முன்னால். ரஜுலா கிளாஸ்கோவில் கட்டப்பட்டதோ 1926-இல்!

வீட்டார் பொய் சொல்லவில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. மற்றக் கப்பல்களின் பெயர்களையெல்லாம் அந்த ஒரு பெயர் விழுங்கிவிட்டது.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமான ரஜுலா, 8,400 டன்னுக்கு மேற்பட்டது. இந்த டன் எடைக் கணக்கு இல்லை. கப்பலுக்குள் இருக்கும் நூறு கன அடி இடம் ஒரு டன். அந்த இடத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. கேபின் சிலருக்கு மட்டுமே. மற்றவர்களுக்குத் தளத்தில் பாய் விரிக்கும் இடம்தான் வீடு.

ஓட்டியது நீராவி. கொதிகலனிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆவி முதலில் சிறிய உருளைக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும். தள்ளியதில் அழுத்தம் குறைந்து, ஆவி விரியும். விரிந்ததை வீணாக்காமல் அதைவிடப் பெரிய உருளைக்கும், பிறகு எல்லாவற்றிலும் பெரியதற்கும் அனுப்புவார்கள். ஒரே ஆவி மூன்று முறை உழைத்த பிறகு குளிர்ந்து, நன்னீராகி, மீண்டும் கொதிகலனுக்குப் போகும். உப்பு நீரை ஊற்றினால் கொதிகலன் படிவு கட்டிக் கெட்டுவிடும். இப்படி மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் போல ஓடினால், நாகையிலிருந்து பினாங்குக்கு நான்கு நாளுக்கு மேல். நாகையில் கரையருகே ஆழம் போதாது. கப்பல் தள்ளி நிற்கும். படகில் போய், ஆடும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும்.

ரஜுலாவோடு அதே 1926-இல் பிறந்த தங்கை ரோனா. அதுவும் நம்மவர்களைச் சுமந்ததுதான். போரில் படைக்கப்பலாகி, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மானிய விமானம் ஏவிய ரேடியோ வழிகாட்டும் குண்டில் மூழ்கியது. அமெரிக்க வீரர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் வேலை பார்த்தவர்களும் நூற்றுக்கு மேல் போனார்கள். தோட்டத்துக் கதைகளில் ரோனாவின் பெயரே வராமல் போனது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ரஜுலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி, ரங்கத் என்று பெயர் மாறி, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அந்தத் தடத்தில் பின்னால் ஓடியது எம்.வி. சிதம்பரம்.

ஆகவே, கப்பலைத் தேடுபவர்கள் முதலில் ஆண்டைப் பிடியுங்கள். 1926-க்கு முன் வந்தவர் ரஜுலாவில் வந்திருக்க முடியாது. தோட்டக் கூலியாக இலவசப் பயணத்தில் வந்தவர் என்றால், அது 1938-க்குப் பிறகு இருக்காது. அந்த ஆண்டு இந்திய அரசு அதை நிறுத்திவிட்டது. பழைய டிரங்குப் பெட்டியில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று எழுதியிருந்தால், அது 1972-இல் போர்ட் கிள்ளான் ஆவதற்கு முந்திய பயணம். பெட்டிக்குப் புதுச் சாயம் அடிப்பதற்கு முன்னால் மூடியைத் திருப்பி ஒருமுறை படித்துவிடுங்கள்.