நல்லூர்க் கொடி எப்போது? நிலவைக் கேளுங்கள்

லண்டனில் அரண்மனைக் காவலர் மாறும் சடங்கைப் பார்க்கப் போகிறவருக்குத் திகதி ஒரு பிரச்சினையே இல்லை. கிழமையையும் நேரத்தையும் பார்த்து வைத்தால் போதும். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கு வர நினைப்பவருக்கு அப்படியில்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற சொந்தங்கள் ஆண்டு பிறந்ததுமே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "இந்தமுறை நல்லூர்க் கொடி எப்ப?" விமான ரிக்கற், லீவு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை எல்லாம் அந்த ஒரு திகதியை நம்பித்தான் நிற்கின்றன. கொடியேற்றம் 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. பார்த்தால் ஒழுங்கில்லாமல் அலைவதுபோல் தெரியும். உண்மையில் இதைவிட ஒழுங்கான கணக்கு கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்தில் அரச சடங்கு என்று ஒன்றைக் காண விரும்பினால் போக வேண்டிய இடமும் நல்லூர்தான். ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் அது. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பழைய கோயிலையும் இடித்துவிட்டார்கள். பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவும், கொஞ்சம் தள்ளி மந்திரி மனையும், 'ப' வடிவ யமுனா ஏரியும் எஞ்சி நிற்கின்றன. இப்போதைய கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், இரகுநாத மாப்பாண முதலியார் எழுப்பியது.

அரசன் இல்லை. ஆனால் அரச மரியாதை குறையவில்லை. குடை, கொடி, ஆலவட்டம், சாமரம் என்று ஒரு மன்னன் பவனி வருவதற்கு வேண்டிய அத்தனையும் முருகனுக்கு உண்டு. அதற்கும் மேலாக, நல்லூரில் கட்டியம் கூறுவார்கள். அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். உரத்த குரலில் நீண்டு வருகிற சமஸ்கிருத அடுக்குகளுக்குள் 'ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு' என்ற பெயர் வரும். பழைய கோயிலைக் கட்டியவராக வாழ்த்தப்படும் ஒருவரின் பெயர், அரண்மனையும் அந்தக் கோயிலும் தரைமட்டமான பிறகும் கட்டியத்தின் வழியே இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது. இத்தனை அரச மரியாதைக்கும் உரியதாக மூலத்தானத்தில் இருப்பதோ வேல் மட்டும்.

இனித் திகதிக்கு வருவோம். ஆடி அமாவாசையை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். ஆறாம் நாள் கொடியேற்றம். அதிலிருந்து திருவிழா 25 நாள். கொடிக்கு முந்தைய ஐந்தும் திருவிழாவின் இருபத்தைந்தும் முப்பது. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சராசரியாக 29.53 நாள். ஆகவே தீர்த்தம் அடுத்த அமாவாசையை ஒட்டி வந்து முடிகிறது. நிலவு ஒரு முறை வளர்ந்து தேய்ந்து மறைவதற்குள் முழுத் திருவிழாவும் அடங்கிவிடுகிறது. பாதி நாளில் இரவுத் திருவிழாவுக்கு மேலே நல்ல நிலவு. தேர், தீர்த்தம் வரும்போது வானம் இருண்டுவிடும்.

பன்னிரண்டு அமாவாசைகள் சேர்ந்தால் ஏறக்குறைய 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குப் 11 நாள் குறைவு. அதனால்தான் கொடியேற்றம் ஆண்டுக்குப் பதினொரு பன்னிரண்டு நாள் முன்னுக்கு வருகிறது. இப்படியே போனால் வைகாசிக்கும் தைக்கும் போய்விடாதா? போகாது. ஆடி என்பது சூரியனை வைத்துப் பிறக்கும் மாதம். ஓர் அமாவாசை ஆடிக்கு முன்னே நழுவிவிட்டால் அடுத்ததுதான் ஆடி அமாவாசை. அந்த அடுத்தது ஆடிக்குள் விழாமல் போகாதா என்றால், அதற்கும் உறுதி உண்டு. ஜூலை முற்பகுதியில் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில், சுமார் 15 கோடியே 21 இலட்சம் கிலோமீற்றரில் நிற்கிறது. அங்கே அதன் வேகம் குறைகிறது. அதனால் சூரியன் கடக ராசியைக் கடக்க ஏறக்குறைய முப்பத்தொன்றரை நாள் எடுக்கிறது. நிலவின் சுற்றைவிட இது நீளம். எனவே ஆடியில் ஓர் அமாவாசையாவது கட்டாயம் விழும். பூமி விரைந்தோடும் மார்கழிக்கு அந்த உறுதி கிடையாது. அமாவாசையே இல்லாத மார்கழியும் வரலாம். திருவிழாவை ஆடி அமாவாசையோடு கட்டி வைத்த முன்னோரின் கணக்கறிவை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

சில ஆண்டு ஆடியில் இரண்டு அமாவாசை விழுந்துவிடும். 2023இல் ஜூலை 17இலும் ஓகஸ்ட் 16இலும் வந்தன. நல்லூர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அதனால்தான் அந்த ஆண்டுக் கொடி அவ்வளவு பிந்தியது. இன்னொன்றும் உண்டு: 19 ஆண்டும் 235 அமாவாசையும் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒத்துப்போகும். உங்கள் பத்தொன்பதாம் வயதில் கொடியேற்றம் எந்தத் திகதியை ஒட்டி நடந்ததோ, முப்பத்தெட்டாம் வயதிலும் அநேகமாக அதை ஒட்டியே நடக்கும்.

வருகிறவர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதே முக்கால் பாகை அளவில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசி வாரத்திலும் மதியம் 12.10 அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வைத்த தடிக்கு நிழலே விழாது. 2022இல் தேர் ஓகஸ்ட் 25இல் வந்தது. கிட்டத்தட்ட உச்சிச் சூரியனின் நாள். வெறுங்காலோடு வெளிவீதி மணலில் நிற்பவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தேரை விடியற்காலையிலேயே போய்ப் பிடிப்பதுதான் புத்தி. நேரம் தவறாமை நல்லூரின் பெயர்பெற்ற குணம். பிந்தி வருபவருக்காக அங்கே எதுவும் காத்திருக்காது. ஆண்கள் மேலாடை களைந்துதான் உள்ளே போகலாம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். நடக்கத் தயாராக வாருங்கள்.

2026இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12. ஸ்பெயினிலும் ஐஸ்லாந்திலும் முழுச் சூரிய கிரகணம் தெரியும் அதே அமாவாசை. அங்கிருந்து ஆறாம் நாளை நீங்களே எண்ணிப் பாருங்கள். நிலவின் வேகம் கூடிக் குறைவதால் திதி ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆகவே ரிக்கற் போடுமுன் கோயில் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.